அப்பாவுக்குப் போட்டியாக ஒரு எலி

ஆரணி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் தறியும் சௌக்கியம். உன் அப்பாவின் சௌக்கியம் மட்டும் உன் கையில் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால் நான் சொல்லச் சொல்ல சசிகலா எழுதுகிறாள். நீ ஐதராபாத்தில் செய்து எலிகளுக்குப் போட்டுப் பார்க்கிற காசநோய் ஊசியைப் பற்றி அவருக்குச் சொன்னாயே, அது மருந்து இல்லை, புடவை டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டை மாதிரி டிஎன்ஏவில் டிசைனை மட்டும் உள்ளே அனுப்புவது, உடம்பே கிருமியின் ஒரு துண்டை நெய்து பார்த்து, அடையாளம் கண்டு அடிக்கப் பழகும் என்று, அது அவருக்கு ரொம்ப நன்றாகவே புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து காசநோய் மாத்திரையை விழுங்குவது போல் நடித்திருக்கிறார். தறிக்குழியைப் பெருக்கும்போது எல்லாம் மூலையில் கிடந்தது. கேட்டால் எலி இழுத்துகினு வந்து போட்டிருக்கும் என்றார். நான் விடவில்லை. அப்புறம்தான், என் பொண்ணு அட்டை அனுப்பப் போறா, அதுக்குள்ள இத்தத் தின்னு எதுக்குடி வாந்தி எடுத்துகினு கெடக்கணும், எலிக்கே போட்டவ அப்பனுக்குப் போடமாட்டாளா என்றார்.

ஊசி மனிதர்களுக்கு வர வருடக்கணக்கில் ஆகும், வராமலே கூடப் போகலாம் என்று நீ சொன்னது மட்டும் அவர் காதில் ஏறவில்லை. நடுவில் நிறுத்தினால் கிருமி முரண்டு பிடிக்கும், பிறகு இந்த மாத்திரைக்கு அடங்காது என்று நர்ஸம்மா வந்து சொல்லியும் பலனில்லை. கடைசியில் வாய் திறக்காத உன் தங்கைதான் திறந்தாள். சோறு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், அக்காவோட எலிங்க மாத்திரையும் போட்டுகினு தான் ஊசி போட்டுக்குதாம்பா, மூஞ்சி கூட சுளிக்காதாம் என்றாள். எதிர்வீட்டு குப்புராஜ் அண்ணன் இவருக்கு முன்னால் ஒரு புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தாலே இவருக்குச் சோறு இறங்காது, எலியிடம் தோற்பாரா. எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். விட்ட மாத்திரைகளைப் பற்றி நர்ஸம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

எலி மாத்திரை போடுவது நிஜமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேட்பார். நிஜமோ என்னவோ எங்களுக்குத் தெரியாது, நீ ஆமாம் என்று சொல், சிரித்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, எலியைத் தொட்ட கையை நன்றாகக் கழுவு. நீ எடுத்த காரியம் கூடிவந்து, நீ நல்லபடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பரிமளா

அக்கா, இது அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதுவது. அந்த எலிக்கு என்ன பேர் என்று அப்பா கேட்டார். பயத்தில் குப்புராஜ் என்று சொல்லிவிட்டேன், நீதான் வைத்தாய் என்றும் சொன்னேன். இப்போதெல்லாம் நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மாத்திரையை விழுங்கிவிடுகிறார். தயவு செய்து பேரை மாற்றிவிடாதே.

சசிகலா