கப்பலின் இடது பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வண்டிக்கு மெழுகு போட்டேன். பானட்டில் என் முகம் தெரிந்தது. கிழவன் முகம்தான், ஆனால் பளபளப்பாகத் தெரிந்தது. இந்த வயதில் இவ்வளவு மினுமினுப்பான இரும்பு இந்தத் தெருவில் வேறு எவனிடம் இருக்கிறது? தெருவே இதைக் கப்பல் என்றுதான் சொல்கிறது. நான் மேலாளராக இருந்த ஹோட்டல், விருந்தினர்களை அழைத்துவர வாங்கிய வண்டி. புது வண்டிகள் வந்ததும் இதை ஒதுக்கினார்கள். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே மரப்பலகையும் தோல் இருக்கையும் இன்னும் அன்று இருந்தபடியே இருக்கின்றன.

பெட்ரோல் போடக் கிளம்பினால் என் வீட்டுக்காரி, இவள், செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பெட்ரோல் பங்குக்குக்கூட ஒரு மனிதன் தனியாகப் போக முடியாதா? வழி முழுக்க வாய் ஓயவில்லை. மருந்துக்கடைக்காரர் தலைக்குச் சாயம் போட்டிருக்கிறாராம். பழ வண்டிக்காரர் ரோட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வருகிறாராம், பாவமாம். ஓட்டுகிறவன் இதையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

ஜூன் 4, புதன்

வங்கிக்கு என்று சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்தே போனேன். நடந்து போனால் இவள் கூட வருவதில்லை.

ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை நுழைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்னதாக வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே மின்னவில்லை. இவ்வளவு நேரமா சும்மா இருப்பார்கள், நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தேன். பள்ளியில் சரியா தவறா கேள்விக்கு விடை போட்ட மாதிரி.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வெளிச்சமே வராதப்பகூட அழுத்தியிருக்கீங்க சார்.”

மூக்கு உடைந்தது. அப்புறம் அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது பக்கப் பார்வை போய்விட்டதாம். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரிவதால் எனக்கே உறைக்கவில்லையாம். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கார் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன்.

“எப்பவாவதும் வேண்டாம்.”

மருந்துப் புட்டியை அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

வண்டியை விற்கப்போகிறேன். காரணத்தை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். போன வருடம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து மகள் ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறாள். “இன்னும் ஒண்ணு ஏதாவது ஆச்சு, நேரா வந்து பெட்டியக் கட்டிடுவேன்” என்றாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்திருக்கிறேன். எழுந்து நின்றால் “எங்கப்பா போறீங்க?” ஜன்னலைத் திறந்தால் “ஏசி ஓடுதுப்பா.” விருந்தாளிகளைக் கவனிப்பதே என் உத்தியோகமாக இருந்தது. விருந்தாளியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இந்த வீட்டில் என் கதவை நான் பூட்டுகிறேன், நான் திறக்கிறேன். அது போதும் எனக்கு.

ஜூன் 8, ஞாயிறு

இவளிடம் சொன்னேன். உதிரி பாகம் கிடைப்பதில்லை, மெக்கானிக்குக்கும் வயதாகிவிட்டது, விற்றுவிடலாம் என்று. அழுவாள் என்று நினைத்தேன். “ஐயோ, நம்ம கப்பலையா” என்று இரண்டு நாளாவது புலம்புவாள், நான் பெரிய மனதோடு ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “சரி. சீக்கிரமா வித்துடுங்க” என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் துணி மடித்தாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் இளவரசி மாதிரி உட்கார்ந்து வந்தாளே! பழைய பேப்பரைப் போடுகிற மாதிரி போடச் சொல்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

விளம்பரம் வந்துவிட்டது. ‘ஒரு கீறல்கூட இல்லை.’

எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

ஜூன் 12, வியாழன்

முதல் ஆள் வந்தார். பழைய வண்டிகள் சேர்க்கிறவர், ஏழெட்டு வைத்திருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வண்டி உடம்பு முழுக்க வைத்துக்கொண்டே வந்தார். வலது பக்கம் எல்லா இடத்திலும் ஒட்டியது. இடது பின் கதவில் வழுக்கி விழுந்தது. இடது மட்கார்டிலும் விழுந்தது. உள்ளே இரும்பு நசுங்கி, மேலே பட்டிப் பசை பூசிச் சமன் செய்திருந்தால் காந்தம் நிற்காது. அந்த வித்தையை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

மெக்கானிக் அப்போதே கேட்டார்: “சார், எப்பவும் இடது பக்கமாவே வாங்கிட்டு வர்றீங்களே?” எவனோ நிறுத்தியிருந்த வண்டியில் இடித்துவிட்டான் என்றேன். இன்று காந்தக்காரரிடமும் அதையே சொன்னேன். அந்த எவனோ பாவம், என் புண்ணியத்தில் நிறைய இடித்திருக்கிறான்.

ஓட்டிக் காட்டக் கிளம்பினால், பின்கதவைத் திறந்து இவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடைத்தெரு தாண்டும்வரை பேச்சுதான். “அந்த அம்மா குழந்தைய இறக்கி விட்டுட்டு ஓரமா நிக்குது பாருங்க, எவ்வளவு அழகு.” “ஸ்கூட்டர்ல மூணு பேர் வராங்க பாருங்க.” எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும், அம்மா கொஞ்சம் பேசாமல் வரலாமா என்று அவரே கேட்டுவிட்டார். பேசாமல் வந்தாளா? இன்னும் கூடுதலாகப் பேசினாள். அவர் பாதி விலைக்குக் கேட்டார். நான் கும்பிடு போட்டு அனுப்பினேன்.

அடுத்த தடவை நீ வரக்கூடாது என்று கத்தினேன். வந்தவரை வாயாலேயே விரட்டிவிட்டாய் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாக வருகிறது.

பல் டாக்டரம்மா ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைக்க இல்லை, தினம் ஓட்டத்தான் வாங்குகிறேன் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்றார். உதிரி பாகக் கதையைச் சொன்னேன்.

இவள் வாசலுக்கு வந்து “நானும் வரேனே” என்றாள். முறைத்தேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வண்டி வெண்ணெயாகப் போனது. நான் ஹோட்டல் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரொட்டிக்கடை முனையில் இடது பக்கம் திருப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா “சார்!” என்று கத்தி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். ஏதோ உரசுகிற சத்தம்—

சைக்கிளில் ஒரு பெண். முன்கூடையில் காய்கறி. என்னோடு கூடவே, என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக வந்தாளோ! நான் பார்க்கவில்லை. மங்கலாகக்கூடத் தெரியவில்லை. அங்கே ஆளே இல்லை எனக்கு.

நல்லவேளை, சறுக்கித்தான் விழுந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. டாக்டரம்மா ஓடிப்போய்த் தூக்கினார். நான் ரோட்டில் குனிந்து தக்காளி பொறுக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“கண்ணு தெரியலயா உனக்கு?”

ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். நானே எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன். பொறுக்கிய தக்காளியை அவள் கூடையில் போட்டேன்.

திரும்பும்போது டாக்டரம்மாதான் ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, “நீங்க அவங்களப் பாக்கவே இல்ல, இல்லயா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். பார்த்தேன், கணக்குத் தவறிவிட்டது என்றேன். அவர் வாதாடவில்லை. வண்டி பிடித்திருக்கிறது, வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் சாவி அம்மாவிடம் இருக்கட்டும் என்றார். நீங்கள் யார் எனக்குச் சொல்ல என்று சீறினேன். வீடு தேடி வந்த பெண்ணிடம் அப்படிப் பேசுகிறவனா நான்?

ஜூன் 16, திங்கள்

யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு வருடமாக, நேற்றைத் தவிர, இவள் இல்லாமல் நான் வண்டியை எடுத்தது அபூர்வம். முடிவெட்டக்கூட வந்து கடை வாசலில் உட்கார்ந்திருப்பாள். போன மழைக்காலத்தில் இவள் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது மட்டும் இரண்டு தடவை தனியாகப் போனேன். அந்த இரண்டு தடவையும்தான் பின் கதவும் மட்கார்டும் நசுங்கின.

மருந்துக்கடை எந்தப் பக்கம்? இடது பக்கம். பழ வண்டி? இடது பக்கம். குழந்தையோடு நின்ற அம்மா, மூன்று பேர் ஸ்கூட்டர்...

வலது பக்கத்தில் இருக்கும் ஒரு கடையைப் பற்றிக்கூட இவள் பேசி எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் காபி கொடுக்க வந்தாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். எது என்று அவள் கேட்கவில்லை.

“நான் உங்க இடது பக்கம் நின்னு தம்ளர நீட்டினா நீங்க வாங்க மாட்டீங்க. ஒரு நாள், ரெண்டு நாள் கோபம்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது.”

ஏன் சொல்லவில்லை என்றேன். அதற்குத்தான் வெடித்தாள். இவ்வளவு கோபத்தை இவளிடம் நான் பார்த்ததில்லை.

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சட்டைக்குப் பின்னாடி மருந்த ஒளிச்சு வைக்கிற ஆளு, நான் சொன்னா மட்டும் ஒத்துக்குவீங்களா? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வாய் வலிக்கப் பேசிக்கிட்டு வந்தேன். நீங்க என்னடான்னா வாயாடிங்கிறீங்க.”

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னாள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி போன வருடமே நின்றிருக்கும். ஆனால் இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கும் மனசில்லை. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

ஆக, கூட்டுக் களவாணிகள். எங்கள் கதவை நாங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, ஊரார் உயிரை ரோட்டில் பந்தயம் வைத்திருக்கிறோம். அந்தச் சைக்கிள்காரியின் முழங்கைதான் கண்முன் நிற்கிறது. சிராய்ப்போடு போனது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை. டாக்டரம்மா இழுத்ததால்.

சாவியை எடுத்து இவள் கையில் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “காபி ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரேன்” என்று எழுந்து போனாள்.

ஜூன் 18, புதன்

சொட்டு மருந்து இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இவள்தான் விடுகிறாள். குறி தவறிக் கன்னமெல்லாம் மருந்து.

ரொட்டிக்கடையில் விசாரித்து அந்தச் சைக்கிள்காரப் பெண்ணின் வீட்டுக்கு இரண்டு பேரும் நடந்து போனோம். காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. இனிமேல் ஓட்டாதே என்றாள். சரி என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டரம்மாவை நானே போன் செய்து வரவழைத்தேன். முதலில் அன்று பேசியதற்கு மன்னிப்பு. அப்புறம் அவரை இடது பக்கம் கூட்டிப்போய்ப் பட்டி பார்த்த இடங்களைத் தொட்டுக் காட்டினேன். இது நான் தூணில் இடித்தது, இது நான் சுவரில் உரசியது. எவனோ யாரும் இல்லை என்றேன். விலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். குறைத்துக்கொண்டார். இல்லையில்லை, முழு விலையே தருகிறேன் என்று சொல்வாரோ என்று உள்ளுக்குள் ஒரு சபலம் இருந்தது. அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரி.

குளிர் நாளில் எப்படிக் கிளப்புவது, தோலுக்கு எந்த எண்ணெய், மழையில் வைப்பரை எப்போது போடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மகளைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட மாப்பிள்ளையிடம் இவ்வளவு சொல்லவில்லை என்றாள் இவள். டாக்டரம்மா பொறுமையாகத் தலையாட்டினார். வாய் திறந்து உட்கார்ந்திருக்கிறவர்களோடு பழகியவர்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் தெரு முனையில் இடது பக்கம் திரும்பினார். கண்ணாடியைப் பார்த்தார், தலையைத் திருப்பியும் ஒரு தடவை பார்த்தார், அப்புறம்தான் திருப்பினார். நான் அழுதேன். வாசலில் நின்று எல்லாரும் பார்க்க அழுதேன்.

ஜூன் 25, புதன்

மகளிடம் போனில் சொன்னேன். கண், வண்டி, சைக்கிள் எல்லாம். பெட்டி கட்ட வருகிறாள் என்று நினைத்தேன்.

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? நான் என்ன போலீசா?”

பெட்டியைக் கட்டிவிடுவாயே என்று பயம் என்றேன். அதற்கு அவள் அழுதாள். இவள் போனைப் பிடுங்கிப் பேசினாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: நாங்கள் இங்கேயே இருப்போம். கண் டாக்டரிடம் போகும்போதெல்லாம் மகள் வந்து கூட உட்காருவாள். மறுத்தால் ஒப்பந்தம் ரத்து.

அடுத்த தடவை பொத்தானை ஒழுங்காக அழுத்த வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். பஸ் ஏறி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. சில்லறை தேடி, ஆளை இடித்து, ஒருவழியாக இரண்டு இடம் கிடைத்தது. ஜன்னலோரம் இவள். பொழுது போகும், கடைத்தெரு முழுக்கக் கதை கேட்கலாம் என்று தயாராக உட்கார்ந்தேன்.

இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன கோபமோ என்று திரும்பிப் பார்த்தால், பஸ் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். தலை மெல்லச் சரிந்து என் தோளுக்கு வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் குலுங்கிய குலுக்கலில்கூட விழிக்கவில்லை.

இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் எழுப்பவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, கடைசி நிறுத்தம்வரை இரண்டு டிக்கெட் கேட்டேன்.