உன் அப்பாவின் வாதத்தில் இருந்த ஓட்டை

அன்பு மகள் மாரெனுக்கு,

டுலூத்திலிருந்து அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், இந்தத் தடவை மருத்துவரைக் கேட்டுவிட்டே இப்படி எழுதுகிறேன், அதனால் தாராளமாக நம்பலாம். அரிசோனா வெயிலில் நீயும் வாடாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே பனி ஜன்னல் விளிம்புவரை ஏறிவிட்டது. ஞாயிறுதோறும் உன் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக போனில் கேள்விகளை வாசித்து வாசித்து, யார் வாதத்தில் எங்கே ஓட்டை என்று தேடும் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. தேவாலய விருந்தில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் வெர்னா, பூண்டு தின்ன ஆரம்பித்த பிறகுதான் முட்டிவலி போனது என்றாள். பிறகு போனதென்றால் அதனால்தான் போனதா என்று கேட்டுவைத்தேன். அதற்குப் பிறகு அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை, ஆனால் அதனால்தான் என்று நான் சொல்லக்கூடாதில்லையா.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வாசலில் பனி வாரும்போது உன் அப்பா ஷவலை ஊன்றி நின்று நெஞ்சைத் தேய்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "எங்கப்பாவும் இப்படித்தான் தேய்ப்பாரு, தொண்ணூறு வயசு வரைக்கும் பனி வாரலையா? எனக்கு ஒண்ணும் இல்ல, போடி" என்றார். என் வாய் சும்மா இருக்குமா, ஒரே ஆளை வைத்து உலகத்தையே அளக்கிறீர்கள், உங்கள் வாதம் தப்பு, ஆகவே உங்களுக்கு இதய நோய்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அவரோ, "லோர்னா, வாதம் தப்புன்னா முடிவும் தப்புன்னு ஆயிடுமா? நம்ம பொண்ணு போன்ல உனக்கு இதைத்தானே படிச்சுப் படிச்சு சொன்னா, நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்" என்று சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் தோத்தேன். இருக்குன்னு நானும் காட்டல, இல்லைன்னு நீங்களும் காட்டல. வைத்தியம் தெரிஞ்சவங்களக் கேக்கலாம், வாங்க" என்றேன். ஜெயித்த மனிதருக்குக் கொஞ்சம் தாராளம் வந்துவிடுகிறது, ஷவலைப் பனியில் குத்திவிட்டு முனகாமல் காரில் ஏறினார்.

இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் ஒன்றில் அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது வீட்டில் உப்பில்லாத சூப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் தேர்வு முடியும்வரை மூச்சுவிடாதே என்று எனக்கு உத்தரவு. இன்று மறைத்தால் நாளைக்கு நான் நலம் என்று எழுதும்போது நீ எப்படி நம்புவாய், அதனால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இதைப் படித்ததும் விமான டிக்கெட் தேட ஆரம்பிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அப்பாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டது, ஆகவே தேர்வை விட்டுவிட்டு ஓடவேண்டும் என்பாய். நடுவில் இருக்கும் ஓட்டையை நீயே கண்டுபிடித்துக்கொள். பயப்படாதே என்று மட்டும் சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காப்பியையெல்லாம் என் கோட்டிலேயே கொட்டிக்கொண்டேன். பயந்துகொண்டே போய் சனிக்கிழமை தேர்வை எழுது கண்ணே, எழுதிவிட்டு அன்றைக்கே கிளம்பி வா.

காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லோர்னா