தோல்காரன் பெண்டாட்டியின் காமிராப் பை

ஜூன் 21, 1966

இன்று மகாதேவன் சார் காமிராவை என் கையில் கொடுத்தார். துடைத்து வைக்க அல்ல. எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்து வர!

ஆறு வருஷமாக பம்பாய் மாட்டுங்காவில் இவருடைய ஸ்டூடியோவில் நெகட்டிவ் மேஜையே கதி. ஊரார் முகத்துப் பருவையும் அம்மைத் தழும்பையும் பென்சிலால் மறைத்து மறைத்து, பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர் முகத்தைக்கூட மனசுக்குள் திருத்திக்கொண்டிருக்கிறேன். படம் எடுக்கப் பழகியதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில், சார் தூங்கும்போது. அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது.

வேங்கடசுப்ரமணியன் வீட்டு மாமி பெண்ணுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. பெண்கள் கூடுகிற இடத்துக்கு ஆம்பிளை போட்டோக்காரன் வேண்டாம் என்று மாமி கறாராகச் சொல்லிவிட்டாளாம். வெளிவேலைக்கு எப்போதும் போகிற மிக்கேல்ராஜ் அண்ணன் முகம் இஞ்சி தின்ற மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சங்கடம். அண்ணன் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டுக் கூலி வைத்துத் தூக்கிப் போவார். அந்தப் பெட்டியோடு நான் பஸ் ஏறினால் கண்டக்டர் என்னையும் சேர்த்து இறக்கிவிடுவான். எனக்கு ஒரு பை வேண்டும். தோளில் மாட்டவும் வேண்டும், போகிற வழியில் கண்ணில் பட்டதைச் சட்டென்று எடுக்கவும் தோதாக இருக்க வேண்டும்.

ஜூன் 22

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். (வேதமுத்து. பெயரை எழுதினால் தப்பில்லை, வாயால் சொன்னால்தான் அத்தை முறைப்பாள்.) கடையில் ஒரு பை வாங்கலாமா என்றதும் சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தாராவியில தோல் வெட்டுறவன் பொண்டாட்டி கடையில போய் பை வாங்கினான்னா, நாளைக்கு நான் கம்பெனிக்குள்ள எப்படிட்டி நுழைய? நான் தைக்கேன்."

ஜூலை 1

பை வந்துவிட்டது. அரக்கு நிறம். காமிராவுக்கு நடுவில் ஓர் அறை, ஃபிளாஷ் பல்புக்கு ஒன்று, ஃபிலிம் சுருளுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாக நான்கு. தோலை மூன்று நாள் எண்ணெய் போட்டு ஊற வைத்தாராம், வெண்ணெய் மாதிரி மடங்குகிறது. பக்கத்து வீட்டு பேராச்சி அக்கா பார்த்துவிட்டு, "ஏளா, இத மாட்டிக்கிட்டா நீ கலெக்டர் பொண்டாட்டி மாதிரில்லா இருக்க" என்றாள். கலெக்டர் பெண்டாட்டி எதற்குப் பை தூக்குகிறாள்? ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

ஜூலை 8

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மாமி வீட்டுக் கூடத்தில் முப்பது பெண்கள். நான் போய் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மாமி மூக்கைச் சுளித்தாள். "என்னடி இது, கருவாட்டு நாத்தம்?" ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள். ஒருத்தி சாக்கடைப் பக்கம் போய்ப் பார்த்தாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன் — அதை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது. கடைசியில் மாமி என் முன்னால் வந்து நின்று குனிந்தாள்.

"இதுவா? தோல் பை வேறயா! பூஜை ரூம் பக்கத்துல இருக்கும்மா. வாசல்ல வச்சுடு, செருப்போட."

வைத்தேன். காமிராவைக் கழுத்தில் மாட்டி, பல்புகளை மடியில் கட்டி, ஃபிலிமை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று ரோல் எடுத்தேன். கை நடுங்கவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மீன் எண்ணெய்! தோல் வெடிக்காமல் இருக்க எல்லோரும் போடுகிறதுதான். தாராவி மூக்குக்கு அது வெறும் காற்று. அவருக்கும் மணக்கவில்லை, எனக்கும் மணக்கவில்லை, பேராச்சி அக்காவுக்கும் மணக்கவில்லை.

ஜூலை 9

"பை எப்படி?" என்று கேட்டார். "எல்லாரும் பார்த்தாவ" என்றேன். பொய் இல்லையே.

ஜூலை 12

படங்களைக் கழுவிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு மூட்டம். விளக்கைச் சுற்றிப் புகை, வளையலைச் சுற்றிப் புகை. சார் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மழைக்காலப் புழுக்கத்தில் மூடிய பைக்குள் எண்ணெய் ஆவியாகி, கண்ணாடி மேல் மெல்லிய ஆடையாகப் படிந்திருக்கிறது.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்நேரம் மாமி வந்தாள். படத்தைப் பார்த்தாள். "என் பொண்ணு மூஞ்சியில என்ன ஒரு தேஜஸ்! மிக்கேல்ராஜ் எடுத்தா கரி பூசின மாதிரின்னா இருக்கும்!" எல்லாவற்றிலும் இரண்டிரண்டு காப்பி கேட்டாள். போதாததற்கு, செப்டம்பரில் அவர்கள் பஜனை மண்டலியில் பதினாலு பேர் நாசிக் போகிறார்களாம், கோதாவரி ஸ்நானம், மூன்று நாள். "இந்தப் பொண்ணையே அனுப்புங்கோ. ஆத்துல குளிக்கிற எடத்துக்கு வேற யாரை அழைச்சுண்டு போறது? பையை மட்டும் மாத்திக்கச் சொல்லுங்கோ."

அவள் படியிறங்கும் வரை சார் சிரித்தபடியே நின்றார். அப்புறம் சிரிக்கவில்லை. "தேஜஸ் இல்லைம்மா அது, மீன் எண்ணெய். நாசிக்லேந்தும் இப்படி வந்தா, நீ நெகட்டிவ் மேஜையை விட்டு எழுந்துக்கவே வேண்டாம்."

தப்புக்குக் கிடைத்த பாராட்டு எனக்கு வேண்டாம். எனக்கு ஒரு படம் வேண்டும். புடவையில் இழை எண்ணுகிற மாதிரி ஒரு படம். எண்ணெய் தயவில்லாமல், என் கண் எடுத்த படம்.

ஜூலை 13

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வாசல்லயா?" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "செருப்போடயா?" என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

ஜூலை 16

மூன்று நாளாகப் பேச்சில்லை. நானா மீன் எண்ணெய் தடவச் சொன்னேன்? பேசாவிட்டால் போகட்டும், எனக்கும் வாய் வலி மிச்சம்.

ஜூலை 23

காலையில் அவராகவே, "கிளம்பு, கோட்டைக்குப் போவோம். பெரிய கடையிலேயே வாங்கிக்க" என்றார். குரலில் உயிரே இல்லை. எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை முக்கியம்.

கோட்டை என்றால் துரைமார் கடைத்தெரு. கண்ணாடி அலமாரியில் சாம்பல் நிறத்தில் ஒரு காமிராப் பை. மேலே ஏதோ சீமைப் பெயர் போட்ட பித்தளைத் தகடு. கடைக்காரன் ஹிந்தியில் அதன் பெருமையை அளந்துகொண்டே போனான். இவர் பையை வாங்கி உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஏ ஏஞ்சல், இது நம்ம இசக்கிப்பாண்டி கையில்லா! மூலைக்கு மூலை மூணு தையல் போட்டு ஒண்ணைத் திருப்பி விட்டிருக்கான் பாரு. பம்பாயில வேற எவனும் இப்படிச் செய்யமாட்டான்."

இசக்கிப்பாண்டி இவருக்கு அடுத்த மிஷினில் உட்காருகிறவன். போன மாதம்தான் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். கோட்டையில் கண்ணாடிக்குள் சாமி மாதிரி உட்கார்ந்திருப்பது எங்கள் தெருச் சரக்கு. தகடுதான் சீமை!

வாங்காமல் வந்துவிட்டோம். வழியில் இரண்டு தட்டு பஜியா சாப்பிட்டார். பஸ்ஸில், "கித்தான் துணி எடுப்போம். தோலுன்னா அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு, எல்லா எடத்துலயும் போட்டது என் தப்பு" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து 'என் தப்பு'! தேதி போட்டு எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

எங்கள் மூக்கை நம்ப முடியாது என்று ஆகிவிட்டதால் ஒரு வெளி மூக்கைப் பிடித்திருக்கிறேன். ஸ்டூடியோவில் படம் வெட்டுகிற செண்பகவல்லி. செம்பூர் காலனிக்காரி, சைவம், தூரத்தில் முட்டை உடைத்தாலே தலைவலி வரும். தினம் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மோந்து பார்த்துத் தீர்ப்பு சொல்கிறாள்.

கித்தான்: "ம், பரவாயில்ல." மெழுகு தேய்த்துச் சூடு காட்டிய கித்தான்: "சர்ச்சு மாதிரி இருக்கு." எண்ணெய் போடாத தோல்: "பழைய செருப்பு." அதையே பத்து நாள் வெயிலில்லாத காற்றில் தொங்கவிட்டு மறுபடி கொடுத்தேன். வெகுநேரம் மோந்தாள். "ஒண்ணுந் தெரியல" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுடி, உன் கையிலதான் இப்ப வீச்சம்" என்றாள்.

ஆகஸ்ட் 20

பை பாதி முடிந்தது. வெளியே மெழுகுக் கித்தான், உள்ளே மெத்தைப் பஞ்சு வைத்துத் தைத்த ஃபிளானல். மூடி முன்புறம் மடங்காமல் என் உடம்புப் பக்கமாகத் திறக்கிறது — அது என் யோசனை. கூட்டத்தில் எவன் கையும் உள்ளே போகாது, எனக்கு மட்டும் ஒரே இழுப்பில் காமிரா வரும். வெளியிலிருந்து பார்த்தால் ரேஷன் வாங்கப் போகிறவள் பை மாதிரிதான் இருக்கும்.

வார் எதில் என்பதில்தான் இன்று வழக்கு. கித்தான் வார் ஈரத்தில் இழுபட்டுத் தொய்யும், தோல்தான் தாங்கும். அவரே தயங்கினார். "மறுபடி வாசல்ல வைக்கச் சொன்னா? நாடாவுல போட்டுருவமா?"

தோலே போடச் சொன்னேன். வாசலில் வைக்கச் சொன்னால் வைக்கிறேன், அது அவர்கள் வீடு. அதற்காக மட்டமான வாரை மாட்டிக்கொண்டு போக என்னால் முடியாது. நான் தோல்காரன் பெண்டாட்டி. அதை மறைக்கிற பை எனக்கு எதற்கு?

அவர் கத்தியை எடுத்தார். வாரை இரட்டைத் தோலாக வெட்டினார்.

செப்டம்பர் 9, நாசிக்

வந்து சேர்ந்தோம். ரயிலில் பையை என் மடியிலேயே வைத்திருந்தேன். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. பதினாலு மூக்கையும் கவனித்தேன்.

செப்டம்பர் 11, நாசிக்

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தூறல். ஆற்றில் தண்ணீர் செந்நிறமாக ஓடுகிறது. எல்லோரும் முழுகி எழுந்து, மடிசார் கட்டி, படியில் வரிசையாக நின்றார்கள். பின்னால் கோயில் சிகரங்கள். கரையிலிருந்து எடுத்தால் முதுகுதான் விழும். ஆற்றுக்குள் இடுப்பளவு இறங்கிப் படியைப் பார்த்து எடுத்தால்தான் படம்.

பையை எங்கே வைக்க? படியெல்லாம் தண்ணீர், மேலே திருட்டுக் குரங்குகள். யாரிடம் கொடுக்க? எல்லோரும் மடி. என்னைத் தொடவே யோசிப்பார்கள், பையையா தொடப் போகிறார்கள்? முழிப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் நின்றேன். வெளிச்சம் வேறு போய்க்கொண்டிருந்தது.

வேங்கடசுப்ரமணியன் வீட்டு மாமி மேல் படியிலிருந்து இறங்கி வந்தாள். வாரைப் பார்த்தாள்.

"இது தோல்தானே?"

"ஆமா மாமி. எங்க வீட்ல தச்சது. தாராவியில."

"சரி, குடு. நான் இன்னொரு முழுக்குப் போட்டுண்டா ஆச்சு. நீ படத்தை எடு, மழை வலுக்கறது."

தோளில் மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போய் நின்றாள். ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். "நீ நேரா பாரு, படத்துல கோணலா விழப்போறே" என்றாள் மாமி.

பன்னிரண்டு படம். ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

கரையேறிப் பையை வாங்கிக்கொண்டேன். இன்னொரு முழுக்கு — அந்த வார்த்தை சுருக்கென்றுதான் இருந்தது. எங்கள் பைக்கு ஒரு முழுக்கா! முழுகட்டும், பார்த்துவிடுகிறேன் என்று ஒரு கண்ணை அவள் மேலேயே வைத்திருந்தேன். பூஜைக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். மாமி ஆற்றைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மற்றவர்களோடு நேரே கோயிலுக்குள் போய்விட்டாள். முழுகவில்லை.

குளிரா, மறதியா, வேறு ஏதாவதா? நான் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நன்றாகப் படம் எடுத்திருக்கிறேன், அது போதும்.

செப்டம்பர் 13

வீடு. அவர் என்னைக்கூடப் பார்க்கவில்லை, பைக்குள் கையை விட்டுத் தடவினார். "நனஞ்சுதா?" "வெளியதான்." அப்புறம்தான் காப்பி குடிச்சியா, சாப்பிட்டியா எல்லாம்.

செப்டம்பர் 15

இழை எண்ணலாம்! மாமி புடவைக் கரையில் இழை எண்ணலாம். கன்னத்தில் நிற்கிற மழைத் துளி தெரிகிறது. தோளில் குறுக்கே எங்கள் வார், தையல் தையலாகத் தெரிகிறது. சார் பூதக்கண்ணாடியை எடுத்து நெகட்டிவைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "பென்சில் வேலை ஒண்ணும் வேண்டாம்மா" என்றார். ஆறு வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இருட்டறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான்.

செப்டம்பர் 27

பூனாவில் ஒரு கல்யாணம், இரண்டு நாள். வெளிவேலைப் புத்தகத்தில் மிக்கேல்ராஜ் அண்ணன் பெயர் எழுதியிருந்தது. சார் என் மேஜைக்கு வந்தார். "ரயில்ல தகரப் பெட்டியோட கஷ்டம்மா. அந்தப் பையை அவனுக்குக் கொஞ்சம் இரவல் குடேன்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "பையை மட்டும் தரமாட்டேன் சார். பை போற எடத்துக்கு நானும் போவேன்" என்றேன்.

செண்பகவல்லியின் கத்தரி நின்றுவிட்டது. சார் என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்தார். அண்ணன் பெயரை அடிக்கவில்லை, அதற்குக் கீழே ஏஞ்சலம்மாள் என்று எழுதினார். முழுப் பெயர். இரண்டு பேருமாகப் போகிறோம், பெண் வீட்டுப் பக்கம் முழுக்க எனக்கு.

சாயங்காலம் கதவைப் பூட்டும்போது அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "ஏம்மா, உன் வீட்டுக்காரர் எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு தச்சுக் குடுப்பாரா? எத்தன நாளாகும்?"

"கேட்டுச் சொல்லுதேன் அண்ணே. அவுகளுக்குக் கையில ஆர்டர் நெறைய இருக்கு" என்றேன்.

பொய். இதுதான் முதல் ஆர்டர்.