செசிலிக்கு ஒதுக்கிய அறை

சேசு மரி சூசை

ஹல்
ஞாயிறு, 26 ஜூலை 2015

அன்புள்ள வினி,

உன் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. ஞாயிறு எழுதியதைத் திங்கள் காலை தபாலில் போட உனக்கு என்ன சிரமம்? எனக்கு அறுபத்தொரு வயது, இனி உன்னைத் திருத்த என்னால் முடியாது. பள்ளியில் சிஸ்டர் அலோசியஸாலேயே முடியவில்லை.

உன் பிள்ளை செசிலியின் அறை தயாராகிவிட்டது. உன் அத்தானின் தூண்டில்களையெல்லாம் கொட்டகைக்கு மாற்றினேன். சுவருக்கு வெளிர்பச்சை. மஞ்சள் கேட்டாள்தான், ஆனால் மஞ்சள் படிக்கிற பிள்ளைக்கு ஆகாது. புது மெத்தை வந்திறங்கிவிட்டது. கொண்டுவந்த இரண்டு பேரும் மாடிப்படி முழுக்கச் சேற்றை அப்பிவிட்டுப் போனார்கள். சொன்னேன். ஒருவன் மட்டும் துடைத்தான்.

மதிப்பெண் பற்றி எனக்குக் கவலை இல்லை. இரண்டு பி, ஒரு சி வாங்குவாள் என்று அவள் பள்ளியில் போன வருஷமே மதிப்பிட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் கேட்பதும் அதைத்தான். ஆகவே செப்டம்பரிலிருந்து மூன்று வருஷம் அவள் என் வீட்டில். பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். பூசைக்குப் பிறகு தேநீர் ஊற்றும் பெண்களிடமும் சொல்லியாகிவிட்டது.

நீ அனுப்பிய புகைப்படம் கிடைத்தது. பிரிஸ்டலில் பல் பார்க்கும் உன் நாத்தனார் ஜிலியன் படகு வாங்கியிருக்கிறாளாக்கும். அதில் செசிலி வாய் நிறையச் சிரிக்கிறாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பல்லைக் காட்டத் தோன்றும் போலிருக்கிறது.

மாப்பிள்ளை கோலினுக்கு என் அன்பு.

உன் அக்கா,
மூரியல்


ஸ்கிப்டன்
வியாழன், 13 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

இன்றைக்கு வியாழன், ஆனாலும் எழுதுகிறேன். திட்டாதே.

ஒரு ஏ ஸ்டார், இரண்டு ஏ. ஆமாம், செசிலிதான். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற பையன் தன் மதிப்பெண் உறையைக் கீழே போட்டுவிட்டான். கோலின் காரில் உட்கார்ந்து அழுதார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் கணக்கு ஆசிரியை வந்து கட்டிக்கொண்டார். "நான்தாண்டி உனக்குக் கம்மியா எழுதிட்டேன். மன்னிச்சிரு" என்றார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மதிப்பிட்டதைவிட அதிகம் வாங்கிய பிள்ளைகள் பெயரைப் பதிந்துகொண்டால் ஐந்து நாள் அவகாசமாம். அதற்குள் இதைவிட நல்ல படிப்பு எங்காவது கிடைத்தால் மாறிக்கொள்ளலாமாம். பிரிஸ்டலில் கணிதத்துக்கு இடம் இருக்கலாம் என்கிறார். நாளைக் காலை பெயர் பதியச் சொல்லியிருக்கிறார்.

பிரிஸ்டல் என்றதும் உனக்கு யார் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். ஜிலியன் மத்தியானமே போன் செய்துவிட்டாள்.

செசிலிதான் குழம்பிப்போயிருக்கிறாள். "பெரியம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள். "நீதான்"னேன். "நீ சொல்லும்மா, ஒன் அக்காதான?" "எனக்கு அக்கா, ஒனக்குப் பெரியம்மா. ஒனக்குத்தான் செல்லம்." "செல்லமா? போன தடவை முட்டைய ஸ்பூன்ல தட்டுனதுக்கு அரை மணி நேரம் பேசுனாங்க." நாளை மாலை உன்னைக் கூப்பிடுவாள். ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம். முப்பது வருஷம் பள்ளி நடத்தியவள் நீ, உன் வார்த்தைதான் அவளுக்கு முடிவு.

அக்கா, அறை விஷயம் எனக்குத் தெரியும். வருத்தப்படாதே என்று எழுத எனக்கு வாய் இல்லை.

அன்புடன்,
வினி


சேசு மரி சூசை

ஹல்
சனி, 15 ஆகஸ்ட்

அன்புள்ள வினி,

மதிப்பெண்ணுக்கு வாழ்த்து. நம் குடும்பத்துப் புத்தி எங்கே போகும்?

செசிலி நேற்று மாலை கூப்பிட்டாள். உனக்கு அவள் என்ன சொன்னாளோ, நடந்தது இதுதான்.

"பெரியம்மா, பிரிஸ்டலுக்கு முயற்சி பண்ணா ஒங்க ஊர்ல கெடச்ச எடம் போயிருமா?"

"போயிரும்."

"நெசமாவா?"

"நான் எப்பவாவது வெளையாட்டுக்குப் பேசி நீ கேட்டிருக்கியா? போன வருஷம் எங்க பங்குல கியரன் டாயில்னு ஒரு பையன். இருந்த எடத்த விட்டுட்டுத்தான் வேற எடம் தேட விட்டாங்க. கடைசியில எங்கயோ கண்காணாத ஊர்ல போய் விழுந்தான்."

அழுதாளோ என்னவோ, மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப வேணாம் பெரியம்மா. நான் ஒங்க வீட்டுக்கே வரேன்" என்றாள். "வாக்கா?" என்று கேட்டேன். "வாக்கு" என்றாள்.

இத்தோடு இந்தப் பேச்சை விடுவோம். பிள்ளை தெளிவாக இருக்கிறாள். ஜிலியனிடம் நீயே சொல்லிவிடு. எல்லாம் அவள் கைக்கு எட்டும் என்று நினைப்பவள், ஒரு தடவை எட்டாமல் போனால் குறைந்துவிட மாட்டாள். பள்ளி நாடகத்துக்கு ஒரு நாள் வந்தாளா? இந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது யார்? நல்ல மதிப்பெண் வந்ததும் எல்லோருக்கும் அத்தையாக ஆசை வருகிறது.

இதைப் பற்றிப் பேச போன் செய்யாதே. போன் சேதி சொல்வதற்கு மட்டும்.

உன் அக்கா,
மூரியல்

பி.கு.: காலைப் பூசைக்குப் போய் வந்து இதை ஒட்டுகிறேன். கோவில் வாசலில் டாயில் அம்மாளைப் பார்த்தேன். கியரனைப் பற்றிச் சற்றுப் பேசினோம். எழுத விசேஷமாக ஒன்றும் இல்லை.


ஸ்கிப்டன்
திங்கள், 17 ஆகஸ்ட்

அக்கா,

நேற்று மூன்று தடவை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ ஞாயிறு மத்தியானம் வெளியே போகிறவள் இல்லை.

இன்று காலை உன் கடிதம் வந்தது. ஜிலியன் விசாரித்துவிட்டாள், நானும் விசாரித்தேன். முதல் இடம் எங்கும் போகாது. பிரிஸ்டல் சரி என்று சொல்லி, செசிலியும் சரி என்று சொன்ன பிறகுதான் ஹல் இடம் கைவிட்டுப் போகும். அதுவரை அது அவளுடையதுதான். கியரன் டாயில் கதை வேறு. அவனுக்கு மதிப்பெண் குறைந்துபோயிற்று, அதனால் விட்டுவிட்டுத் தேட வேண்டியிருந்தது. இவளுக்குக் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆகஸ்டில் நடப்பதால் ஊரெல்லாம் குழப்பிக்கொள்கிறார்களாம்.

செசிலியிடம் சொன்னேன். அவள் போனைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

"பெரியம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேம்மா."

"அது தப்பாச் சொன்னதுக்குக் குடுத்த வாக்குடி."

"அப்ப அவங்களே தப்புன்னு சொல்லட்டும். நீ சொல்லாத, ஜில் அத்தையும் சொல்ல வேணாம்."

உன்னை மாதிரியே நிற்கிறாள். எனக்குப் பிறந்ததா உனக்குப் பிறந்ததா என்று கோலின் கேட்கிறார்.

காரை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றும் கேட்டார். வந்தால் கதவைத் திறப்பாயா? புதன் காலையோடு அவகாசம் முடிகிறது. இதை முதல் வகுப்புத் தபாலில் போடுகிறேன், நாளைக் காலை உன் கையில் இருக்கும். நாளையே அவளைக் கூப்பிடு.

இன்னொன்று. சனிக்கிழமை டாயில் அம்மாள் உன்னிடம் என்ன சொன்னாள்? அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கடிதத்தை ஒட்டினாயா?

வினி


சேசு மரி சூசை

ஹல்
செவ்வாய், 18 ஆகஸ்ட்

அன்புள்ள வினி,

தபால்காரர் வரும்போது நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். முட்டை கல்லாகிவிட்டது.

செசிலியைக் கூப்பிட்டேன். தூங்கி எழுந்த குரல்.

"மணி என்ன ஆகுது? இன்னும் படுக்கையா?"

"பெரியம்மா..."

"கேட்டுக்கோ. நான் விசாரிச்சேன். ஒன் எடம் எங்கயும் போகாது. எந்திரி, மூஞ்சியக் கழுவு, பிரிஸ்டலுக்குப் போனப் போடு."

"ஜில் அத்தையும் அதான் சொன்னாங்க."

"அவ என்ன சொன்னான்னு நான் கேட்டனா? நான் சொல்லித்தான் நீ போற. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

"சரி பெரியம்மா."

"தெளிவாப் பேசு. வந்து, அதுதான்னு இழுக்காத. மொதல்ல மதிப்பெண்ணச் சொல்லு, அப்பறம் பேரு."

"பெரியம்மா, அப்ப அந்த ரூமு?"

"ரூம் சுவத்தோடதான இருக்கு? எங்க ஓடிப் போகுது?"

வைத்துவிட்டேன். அவள் நன்றி சொல்ல ஆரம்பித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. அந்த நன்றி ஜிலியனுக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை போவதுதான் என்று ஆனால், அனுப்பியது நானாக இருக்கட்டும்.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு எழுத இடமில்லை. தாள் முடிந்துவிட்டது.

மூரியல்


ஸ்கிப்டன்
ஞாயிறு, 23 ஆகஸ்ட்

அக்கா,

பிரிஸ்டலில் இடம் உறுதியாகிவிட்டது. செவ்வாய் மத்தியானமே சரி என்றார்கள். நீ சொன்னபடி முதலில் மதிப்பெண்ணைத்தான் சொன்னாள்.

ஜிலியன் தன் வீட்டு மாடி அறைக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்துவிட்டாள். செசிலி விடுதியில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஜிலியனின் குரல் அப்படியே இறங்கிப்போனது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

தாள் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் பெயருக்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கூப்பிட்ட மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். பிள்ளையின் நாள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பிள்ளை இருக்கிறது, உனக்கு இல்லை என்பதற்காக நான் எத்தனையோ பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதைக் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

கொஞ்ச நாள் ஞாயிற்றுக் கடிதம் வேண்டாம்.

வினி


சேசு மரி சூசை

ஹல்
ஞாயிறு, 8 நவம்பர்

அன்புள்ள வினி,

நீ எழுதாத ஞாயிறுகளில் நானும் எழுதவில்லை. பழக்கத்தில் தாளை எடுத்து வைப்பேன், பிறகு உள்ளே வைத்துவிடுவேன்.

டாயில் அம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கியரனுக்கு மதிப்பெண் குறைந்ததையும், கூடியவர்களுக்கு வேறு வழி இருப்பதையும். அதைக் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்து கடிதத்தை ஒட்டினேன். நீ கேட்டதற்குப் பதில் அதுதான். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சாமியாருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, ஆகவே உனக்கும் எழுதுகிறேன்.

அந்த அறையில் இப்போது ஆள் இருக்கிறது. ஈஃபா என்று ஒரு பெண், கடல் தாண்டி டெரியிலிருந்து வந்தவள். மதிப்பெண் குறைந்துபோய்க் கடைசி நேரத்தில் இங்கே இடம் கிடைத்தவள். தங்க இடமில்லாமல் அலைந்தாள், பங்குச் சாமியார்தான் கூட்டிவந்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறாள். நின்றுகொண்டே டோஸ்ட் தின்கிறாள். "நாற்காலி எதுக்கு இருக்கு?" என்றேன். "அலங்காரத்துக்குன்னு நெனச்சேன் மிசஸ் தாக்ரே" என்கிறாள். வாய் அதிகம். ஆனால் இரவு போகும்போது வந்து தலையை நீட்டி, "படுக்கப் போறேன், திட்ட ஏதும் பாக்கி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

செசிலியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இல்லை, சொல்லு. சொல்லும்போது அவள் குரல் எப்படிப் போகிறது என்று கவனித்து எனக்கு எழுது.

உன் அக்கா,
மூரியல்


ஸ்கிப்டன்
ஞாயிறு, 15 நவம்பர்

அன்புள்ள அக்கா,

பதில் வந்ததே போதும். கோவில் வாசல் விஷயத்தைச் செசிலியிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். ஆறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன், ஆறிக்கொண்டிருக்கிறது.

ஈஃபா விஷயத்தை நேற்று போனில் சொன்னேன். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

"என் ரூம்லயா?"

"ஆமா."

"எப்படி இருக்காளாம்?"

"துண்ட எங்கயோ போடுறாளாம். பெரியம்மா சத்தம் போடுறாங்களாம்."

"அவளயும் திட்டுறாங்களா?" என்றாள்.

"நல்லாத் திட்டுறாங்க போலிருக்கு. அவ தெனம் போய்க் கேட்டு வாங்கிக்கிறாளாம்."

"என்னத் திட்டுற மாதிரியேவா?"

அவள் குரல் எப்படிப் போனது என்று கேட்டாயே. ஏழு வயதில் என் மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தபோது எப்படிப் போனதோ அப்படி.

டிசம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. பிரிஸ்டலிலிருந்து ரயிலேறி நேரே ஹல்லுக்கு வருகிறாளாம். படுக்க இடமில்லையே என்றேன். "சோபால படுத்துக்குறேன். அந்தப் பொண்ணு ஊருக்குப் போற வரைக்கும் இருந்துட்டுத்தான் வருவேன்" என்கிறாள். வீட்டுக்கு எப்போதடி வருவாய் என்று கேட்டேன். "கிறிஸ்துமஸுக்குள்ள வந்துருவேம்மா, அவசரம் என்ன?" என்றாள்.

ஏழெட்டு வாரமாக அவள் படுக்கை விரிப்பை மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருப்பவள் நான். அவள் முதலில் வருவது உன் வீட்டுக்கு. சந்தோஷமாக இரு. நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரியாததா?

உன்,
வினி