விரிப்பின் மறுமுனை

மார்ச் 9

அடி வாலு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் என் நலத்தை மட்டும் எழுதுகிறேன். உன் மகள்தான் எழுதச் சொன்னாள். "யாரோடயும் பேச மாட்டேங்கிறீங்க பெரியம்மா. அம்மாகிட்ட பேசுற மாதிரி எழுதியாவது வைங்க" என்றாள். எனக்கு எவ்வளவு எழுத வரும் என்று உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். உயிரோடு இருந்தபோதும் அதைத்தானே செய்தாய்.

உனக்கு வந்த இடத்திலேயே எனக்கும் வந்திருக்கிறது. பதறாதே, இது இன்னும் புற்றுநோய் ஆகவில்லையாம். இடது மார்பில் சில உயிரணுக்கள் ஒழுங்கு தப்பி வளர்கின்றன, சும்மா விட்டால் ஆகலாம் என்றார் டாக்டரம்மா. மருந்தின் பெயரைச் சொன்னதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீ விழுங்கிய அதே மாத்திரையின் பெயர். எந்நேரமும் வேர்த்துக் கொட்டி நீ விசிறிக்கொண்டிருந்ததும், படிக்கட்டைப் பார்த்தாலே முட்டியைப் பிடித்துக்கொண்டதும், "நோயோட சண்டை போடுறேன்க்கா, மருந்தோடயும் போட என்னால ஆகாது" என்று ஒருநாள் நிறுத்தியதும் எனக்கு மறக்குமா?

"உக்காருங்கம்மா, இது மாத்திரை இல்ல" என்றார் டாக்டரம்மா. "பிளாஸ்திரி மாதிரி. மார்பு மேலயே ஒட்டிக்கணும், வாரத்துக்கு ஒண்ணு. மருந்து கொஞ்சம் கொஞ்சமா அந்த இடத்துல மட்டும் இறங்கும். ரத்தத்துல ரொம்பக் கலக்காது. இப்ப சோதனையிலதான் இருக்கு. சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம்."

நம் சலவைக்கூடத்தில் ஒரு கறைக்காக மொத்த விரிப்பையும் காரத்தில் ஊறப்போடுகிறோமா? கறை இருக்கிற இடத்தில் மட்டும் மருந்தைத் தடவி வைக்கிறோம். அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். உன்னைத்தான் முழுசாக ஊறப்போட்டுவிட்டார்கள்.

உனக்குக் கிடைக்காத சுகம் எனக்கு எதற்கு? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

உன் அக்கா

ஏப்ரல் 14

வாலு,

ஒட்டிக்கொண்டேன். உன் மகள் விடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மாவுக்காக அழுது முடிக்கவே என்னால இன்னும் ஆகல. நீங்களும் வரிசையில நிக்காதீங்க" என்றாள். உன் வாய் அப்படியே அவளுக்கு. பிறகு நான் என்ன பேச?

ஒட்டி மூன்று வாரம் ஆகிறது, ஒன்றுமே தெரியவில்லை. வேர்வை இல்லை, வலி இல்லை. ஒட்டியிருப்பதே சில நேரம் மறந்துபோகிறது. வேலைக்கும் போகிறேன்.

வேலையில் ஒரு தொல்லை. உன் இடத்துக்கு ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள். நல்ல உயரம். நான் வைத்த பெயர் ஒட்டகம். விரிப்பு பிரஸ் மிஷினிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ஓடி வந்து மறுமுனையைப் பிடிக்கப் பார்க்கிறாள். நான் இழுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். விரிப்பின் நடுவைத் தாடையில் இடுக்கி, நெஞ்சோடு அணைத்து, இரண்டு பக்கத்தையும் நானே கூட்டி மடித்துவிடுவேன். நீ போனதிலிருந்து அப்படித்தான். சுடச்சுட இருக்கும், ஆனாலும் பழகிவிட்டது. "ரெண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆள் கட்டிப் புரள்றதைப் பாரு" என்று சூப்பர்வைசர் கேலி செய்கிறார். செய்யட்டும்.

அந்த முனை உன்னுடையது. நீ அங்கிருந்து நடந்து வருவாய், நான் இங்கிருந்து வருவேன். நடுவில் மூலைகளை என் கையில் கொடுக்கும்போது என் சுண்டுவிரலை நறுக்கென்று கிள்ளுவாய். ஒரு தடவைகூட விட்டதில்லை. அந்த முனையை எவளோ ஒருத்தியிடம் எப்படிக் கொடுப்பது?

உன் அக்கா

மே 20

வாலு,

நான் பயந்தது சரியாகப் போயிற்று. மருந்து தன் குணத்தைக் காட்டிவிட்டது. மதியம் ஆனால் உச்சி முதல் உள்ளங்கால் வரை வேர்க்கிறது, தலை சுற்றுகிறது. பிளாஸ்திரி இருக்கும் இடம் சிவந்து கொப்புளம் போட்டுவிட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. நீ பட்டதை நானும் படுகிறேன், கணக்கு நேராகிவிட்டது என்று. பிய்த்துப் போட்டுவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நர்ஸம்மா கொப்புளத்தைப் பார்த்தார். "லீவு நாள்லயும் இப்படி வேர்க்குதா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன். போன மாசம் எங்கள் பிரிவுக்குப் பெரிய மிஷின் வந்ததையும், விரிப்புகள் முன்னைவிடச் சூடாக வருவதையும் சொன்னேன். எப்படி மடிப்பீங்க, செய்து காட்டுங்க என்றார். அங்கே கட்டிலில் கிடந்த விரிப்பை எடுத்துத் தாடையில் இடுக்கி நெஞ்சோடு அணைத்துக் காட்டினேன்.

அவர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அடுப்பைக் கட்டிப்பிடிச்ச மாதிரி நிக்கிறீங்களேம்மா. அது மேல சூடு படக்கூடாது, ஒத்தடம்கூட வேண்டாம்னு ஒட்டின அன்னைக்கே சொன்னேனே."

"நான் ஒத்தடம் எதுவும் வைக்கலையே" என்றேன். நிஜமாகவே எனக்குத் தோன்றவில்லை வாலு.

"இதுதான் ஒத்தடம். ஒரு வாரத்துக்கு மெதுவா இறங்க வேண்டிய மருந்து, இந்தச் சூட்டுல அவசர அவசரமா இறங்கி உடம்பு பூரா ஓடுது. பிளாஸ்திரி மேல தப்பில்ல. தோல் ஆறட்டும், அப்புறம் புதுசு ஒட்டலாம். ஆனா இப்படியே மடிச்சா உங்களை இதுல வச்சிருக்க முடியாது." பிறகு கேட்டார்: "கூட ஒரு ஆள் பிடிக்க மாட்டாங்களா?"

"பிடிப்பாங்க."

"அப்புறம் என்ன?"

நான் அந்த விரிப்பை மறுபடி கட்டிலில் விரித்து, சுருக்கம் இல்லாத இடத்தையும் நீவிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா

ஜூன் 30

வாலு,

தோல் ஆறிவிட்டது. பிளாஸ்திரி பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன். வேர்வை நின்றுவிட்டது. உன் மகள் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். அவளுக்காகவாவது இன்னும் கொஞ்சகாலம் நான் இருக்க வேண்டாமா? அதற்கு அந்த முனையை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் விட்டுவிடலாம் என்று, புதுப் பிளாஸ்திரி ஒட்டிய மறுநாளே போய் ஒட்டகத்திடம் சொன்னேன்.

"அந்தப் பக்கம் பிடி."

"யாரு, நானாக்கா?"

"இங்க வேற ஒட்டகம் நிக்குதா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு நான் ஒரு பேர் வச்சிருக்கேன், அதைச் சொன்னா என்னை மிஷின்ல போட்டுடுவீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று.

முதல் விரிப்பிலேயே முட்டிக்கொண்டோம். நீ இடப்பக்கமாக ஒதுங்குவாய், அவள் வலப்பக்கம். அவள் உயரத்துக்கு நான் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. நாலைந்து விரிப்புக்குப் பிறகு கால் தானாகப் பழகிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வரும்வரை அவள் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

மூலைகளை என் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விடுகிறாள். ஒவ்வொரு தடவையும் என் சுண்டுவிரல் நீண்டு காத்திருக்கிறது, அவளுக்கு என்ன தெரியும். இத்தனை வருஷம் கிள்ளு வாங்கியபோதெல்லாம் "சனியனே" என்று திட்டினேனே தவிர, ஒருநாள்கூட உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

எதுக்குடி கிள்ளுவ?