ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயப்படுகிறோம்

அனுப்புநர்:
சிவகாமியம்மாள்,
பலசரக்கு வியாபாரி குற்றாலலிங்கம் பிள்ளையின் மனைவி,
சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்.

பெறுநர்:
ஜில்லா போலீஸ் சூப்பரின்டெண்டு அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட என் மகளைப் போலீசார் வீடு தேடி வந்து விசாரிப்பதை நிறுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டிலிருந்து சர்க்காருக்குப் போகும் கடிதங்களை மலையாளத்தில் எழுதித் தருபவள் என் மகள் சரோஜம். இதை அவளிடம் எழுதச் சொல்ல முடியாது. ஆகையால் தமிழில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

1. சரோஜத்துக்கு வயது பதினைந்து. சென்ற மாதம் அவள் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டதைக் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டுப்போட்டார்கள், ஸ்டேஷனுக்கும் தகவல் கொடுத்தார்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்று அன்றுதான் அறிந்தோம். சாக நினைக்கவில்லை என்று அவள் எங்களிடம் சொன்னாள். அதை எழுதிக்கொள்ள அங்கே யாருமில்லை.

2. காரணம் என்ன என்று டாக்டர் கேட்டார், ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார், கான்ஸ்டபிளும் கேட்டார். அடித்தீர்களா, பட்டினி போட்டீர்களா என்றார்கள். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்றார்கள். தெரியவில்லை, ஐயா. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அப்பா எதையோ மறந்துவிட்டவர்போல் கடையிலிருந்து வந்து வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். எங்களால் முடிந்தது இவ்வளவுதான்.

3. கான்ஸ்டபிள் யூனிஃபாரத்தோடு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "எவிடே அந்தச் சாகப்போன குட்டி? வெளியே வரச்சொல்லும்" என்றார். எதிர்வீட்டார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மே, என்னெயப் பிடிச்சிட்டுப் போயிருவாகளா?" என்று கேட்டாள். பதில் சொல்ல நான் சட்டம் படித்தவளல்ல. அதன் பின்னும் அவர் வந்தார்.

4. கடைசியாக அவர் வந்துபோன அன்று மாலை அவள் மறுபடியும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்று அவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மீண்டும் ஸ்டேஷனுக்குத் தகவல் போகுமே என்று பயந்து நாங்களே துணியால் கட்டினோம். இப்போது காயம் பழுத்துக் காய்ச்சல் அடிக்கிறது. பெற்ற பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போலீசுக்குப் பயப்படும் நிலைக்குத் தங்கள் இலாகா எங்களைக் கொண்டுவந்திருக்கிறது.

ஆகவே, விசாரணையைக் கைவிட்டு, இனி யூனிஃபாரத்தில் எவரும் எங்கள் வாசலுக்கு வராதபடி உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். யாரையாவது குற்றவாளியாக எழுதியே ஆகவேண்டும் என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

தங்கள் உத்தரவு வரும்வரை காத்திருக்க அவளுடைய காய்ச்சல் இடம் தராது. இம்மனுவை என் கணவர் தங்கள் ஆபீசில் கொடுக்கும் நேரம் நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். கான்ஸ்டபிளை அனுப்பத்தான் வேண்டும் என்றால் அங்கே அனுப்புங்கள். நான் கட்டிலருகில்தான் இருப்பேன். அவள் தூங்கினால் எழுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இவ்வண்ணம் எழுதியவள்,
(ஒப்பம்) சிவகாமியம்மாள்

இடம்: திருவனந்தபுரம்
தேதி: 9-10-1953