அட்ஜஸ்ட் நோட்டின் முதல் வரி

என் உயிர் அக்காவுக்கு,

உன் நாலாம் வருஷப் படையல் நேற்று முடிந்தது. உனக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பு வைத்திருந்தேன். இலை போட்டது உன் மகள் சரண்யா. ஆமாம் அக்கா, அவள் இப்போது பெரம்பலூரில் என் வீட்டில்தான் இருக்கிறாள். தா.பழூருக்கு, புருஷன் வீட்டுக்கு, திரும்பிப் போகவில்லை. அது எப்படி ஆனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்னைத் திட்டினாலும் சரி.

எட்டாவதோடு நின்ற நான் அகராதி வைத்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். வரவுசெலவு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வார்த்தை, அதன் அர்த்தம், யார் எங்கே சொன்னார்கள் என்று எழுதுவேன். "பால் கணக்கும் இங்கிலீசும் ஒரே நோட்டுலயாடி" என்று சிரிப்பாய்.

போன ஆடியில் சரண்யா வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றாள். அன்றைக்கே ஒரு வார்த்தைக்கு மட்டும் தனி நோட்டுப் போட்டேன். அட்ஜஸ்ட். ஒன்றைச் சரியாகப் பொருந்தும்படி மாற்றி அமைப்பது என்கிறது அகராதி. கேஸ் அடுப்புக்காரர் தீயை அட்ஜஸ்ட் பண்ணினார், எங்க வீட்டுக்காரர் வண்டி பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணினார். இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், முதல் வரி தவிர, முழுக்கச் சரண்யாவுக்குச் சொன்னது.

அவள் மாமியார் வாராவாரம் சொன்னாள். உன் வீட்டுக்காரர் திருமானூரிலிருந்து போனில், "பொட்டப்புள்ள கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் போவணும்" என்றார். எங்க வீட்டுக்காரரும் ஒருநாள் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார். எழுந்துபோய் எழுதினேன்.

"ஏன்டி, என் பேரையுமா எழுதுற?"

"சொன்னது நீங்கதானே."

அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் பேசி முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமா ஆள் அனுப்பினார். காளி முன்னால் கற்பூரம் ஏற்றி, சரண்யா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னதும் கையோடு கூட்டிப்போவார்களாம். ஆத்தா பெயரைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கோயில் வாசலில் தாய்மாமா கற்பூரத் தட்டை நீட்டி, "சொல்லு தாயி. இனிமே அட்ஜஸ்ட் பண்ணி நடந்துக்கிறேன்னு சொல்லு. மத்ததை ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

சரண்யா என்னைப் பார்த்தாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஆத்தா முன்னால் சொல்லிவிட்டால் இனி எலும்பு முறிந்தாலும் இவள் வாய் திறக்க மாட்டாள். உன் வயிற்றில் பிறந்தவள் அல்லவா?

"கொஞ்சம் இருங்கண்ணே. இந்த வார்த்தைய இதுவரைக்கும் யாரு யாரு சொன்னாங்கன்னு படிச்சிர்றேன்" என்று பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"கோயிலுக்கு வந்த எடத்துல என்னம்மா பாடம் நடத்துற?"

"பாடம் இல்லண்ணே. கணக்கு."

முதல் வரி என்னுடையது அக்கா. அது சரண்யாவுக்குத் தெரியாது. மற்றவர்களைப் படித்துவிட்டு அதை மட்டும் விட்டால் ஆத்தா என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள்? அதையே முதலில் படித்தேன்.

நீ போன் பண்ணினாய். "வயித்துல சுருக்குன்னு புடிக்குதுடி. இவரு அப்புறம் போவலாங்கறாரு. நீ வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. "ரெண்டு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா, வந்துர்றேன்" என்றேன். சரி என்றாய். அப்புறம் நீ கேட்கவே இல்லை. நான் வந்தபோது உன்னைத் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கிருந்து நீ திரும்பவில்லை.

அதன்பின் மற்ற வரிகள். மொத்தம் இருபத்தாறு. மாப்பிள்ளையைப் பார்த்து யாரும் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

"உங்ககிட்ட யாராச்சும் சொல்லியிருந்தா சொல்லுங்க மாப்ள, இப்பவே எழுதிக்கிறேன்" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "அப்ப நீங்க மொதல்ல சத்தியம் பண்ணுங்க, இனிமே கை ஓங்க மாட்டேன்னு. அதுக்கப்புறம் புள்ள சொல்லட்டும்."

தாய்மாமா முகம் கறுத்துப்போனது. ஆனாலும் புதுக் கற்பூரம் ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். மாப்பிள்ளை கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றது. அவர் கையை மெல்ல இழுத்துச் சட்டைப் பையில் இருந்த செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கற்பூரம் அணைந்தது. ஆத்தாவிடம் பொய் சொல்ல அவருக்கும் பயம் போலிருக்கிறது. அந்த மட்டில் அவரை மதிக்கிறேன்.

"வாங்க சித்தி, பஸ் போயிரும்" என்றாள் சரண்யா.

பஸ்ஸில் எங்கள் சீட்டில் மூன்றாவதாக ஒரு பாட்டி இருந்தார். சரண்யா என் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். "மூணு பேரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கம்மா" என்றார் கண்டக்டர். நகர்ந்து இடம் விட்டோம்.

"இதையும் எழுதுங்க சித்தி" என்றாள். "மூணு பேருமே நவுந்தோம்னு சேத்து எழுதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு அம்மா போன்ல அழுதுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. சரின்னுச்சு."



இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், அவ்வளவுதான். நேற்று உன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பற்றி உன்னிடம் என்ன சொன்னாள் அக்கா? தை பிறந்ததும் மறுபடி வருவோம் என்று தா.பழூரிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்க் கதவைத் தாழ் போடுகிறேன்.

இருந்தாலும் உனக்கு ஒரு வாக்கு. கற்பூரம் இல்லாமலே தருகிறேன். வலிக்குது என்று உன் மகள் ஒரு தரம் சொன்னால் போதும். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு அந்த நிமிஷமே கிளம்புவேன். ரெண்டு வாரம் என்று சொல்ல மாட்டேன்.

நேரத்துக்கு வந்து சேராத
உன் தங்கச்சி